ஒரு பெனியும் ஓர் ஆசனமும்: இலண்டன் கோப்பிக்கடைகளில் நெடுநேரம் அமர்ந்திருத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1664ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தார் தம் மாணவர் தொடர்பாக ஒரு கட்டளை விதித்தனர். ஆசிரியரின் அனுமதி பெறாது கோப்பிக்கடைக்குச் செல்லும் மாணவன், மதுச்சாலைகளிலே திரிபவனுக்கு விதிக்கப்படும் தண்டனையையே பெறுவான் என்பது அதன் சாரம். கோப்பி மயக்கந் தரும் பானமன்று. மதுவின் மயக்கத்தைத் தெளிவிக்கும் மருந்து என்றே அதனை விற்றோர் அக்காலத்தில் விளம்பரஞ் செய்தனர். அவ்வாறிருக்க மதுவுக்குரிய தண்டனை கோப்பிக்கு எவ்வாறு வந்தது? மாணவன் அங்கே எதனை அருந்தினான் என்பதிலும் பார்க்க, எவ்வளவு நேரம் அங்கே இருந்தான் என்பதே பல்கலைக்கழகத்தாரை உறுத்தியது எனத் தோன்றுகின்றது. ஒக்ஸ்போட்டில் வாழ்ந்த அந்தணி வூட் என்னும் வரலாற்று ஆர்வலர் 1677இல் எழுதிய குறிப்பொன்று இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆழ்ந்த கல்வி பல்கலைக்கழகத்தில் ஏன் நலிந்துபோயிற்று என வினவும் அவர், எல்லோரும் தமது பொழுதைக் கோப்பிக்கடைகளிலே கழிப்பதுதான் காரணம் என்று தாமே விடையும் பகர்கின்றார். எமது சிற்றுண்டிச்சாலை வாங்குகளைப் பற்றி விரிவுரையாளர் இடைக்கிடை கூறும் முறைப்பாடு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுப் பழைமை வாய்ந்தது என்பதை மாணவரும் விரிவுரையாளரும் ஒருங்கே அறிந்துகொள்வது நன்று.

ஒரு கோப்பை பானத்துக்குக் காசு கொடுத்தவன் எவ்வளவு நேரம் அக்கடையில் இருக்கலாம்? வினா அற்பமானது போலத் தோன்றும். ஆயினும் இலண்டன் மாநகரில் 17ஆம் 18ஆம் நூற்றாண்டுகளிலே இதே வினாவை முன்னிட்டு அரச பிரகடனம் வெளிவந்தது. துண்டுப்பிரசுரப் போர் நிகழ்ந்தது. நீதிமன்றத்தில் வழக்கும் நடைபெற்றது. கோப்பிக்கடையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அங்கு நிகழ்ந்த உரையாடலையே போற்றினர். ஜேர்மானிய அறிஞர் யூர்கன் ஹபர்மாஸ் 1962இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், பொதுமக்கள் கருத்து உருவாகிய களம் எனக் கோப்பிக்கடையை நோக்குவது ஆய்வாளரிடையே பெருவழக்காயிற்று. அந்நோக்குப் பிழையானதன்று. ஆனால் உரையாடலுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆசனம் வேண்டும், ஆசனத்துக்கு வாடகை உண்டு. அவ்வாடகையை எவர் செலுத்தினர் என்பதிலேயே நெடுநேரம் இருத்தலின் ஒழுக்க முறைகள் அனைத்தும் தங்கியிருந்தன என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

கோப்பிக்கடையில் நெடுநேரம் இருக்கும் வழக்கம் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. பேச்செவி என்னும் துருக்கிய வரலாற்றாசிரியரின் கூற்றுப்படி, அலெப்போ நகரத்தவர் ஒருவரும் டமஸ்கஸ் நகரத்தவர் ஒருவரும் 1555ஆம் ஆண்டளவில் இஸ்தான்புல்லிலே முதற் கோப்பிக்கடைகளைத் திறந்தனர். நூல் வாசிப்போர், சதுரங்கம் ஆடுவோர், புதுக்கவிதை கொணர்ந்து காட்டும் புலவர், பதவியிழந்து மறுபதவிக்குக் காத்திருந்த உத்தியோகத்தர் முதலானோர் அங்கே கூடினர் என அவர் எழுதியுள்ளார். காத்திருப்போர் என்ற சொல் இங்கே கவனத்துக்குரியது. செய்வதற்கு வேலையும் செல்வதற்கு வேறிடமும் இல்லாதார்க்கு மதிப்புடன் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. மதுச்சாலை இசுலாமியருக்கு விலக்கப்பட்டது, பள்ளிவாசல் தொழுகைக்குரியது. கோப்பிக்கடை அவ்விடைவெளியை நிரப்பிற்று. 1633இல் நான்காம் முராத் சுல்தான் தலைநகரின் கோப்பிக்கடைகளை மூடுவித்தபோது அவர் அஞ்சியதும் அவ்விடைவெளியையே எனலாம்.

துருக்கியுடன் வணிகஞ் செய்த ஆங்கிலேயர் வாயிலாக இவ்வழக்கம் இலண்டனை அடைந்தது. டானியல் எட்வேட்ஸ் என்னும் வணிகர் சிமிர்னா நகரிலிருந்து திரும்பியபோது தம்முடன் அழைத்துவந்த பணியாளரான பஸ்குவா றோசே, 1652இல் கோண்ஹில் பகுதியிலுள்ள சென் மைக்கல் சந்தில் கோப்பி விற்கத் தொடங்கினார். பதினொரு ஆண்டுகளின் பின், 1663இல், இலண்டன் நகரின் பழைய எல்லைக்குள் மாத்திரம் 82 கோப்பிக்கடைகள் இருந்தன.

இக்கடைகளில் விற்கப்பட்ட கோப்பி சுவையானதாக இருந்திருக்க இயலாது. 1660இல் விதிக்கப்பட்ட வரி, கொட்டையின் மீதன்றிக் காய்ச்சிய கோப்பியின் மீது, கலன் ஒன்றுக்கு 4 பென்ஸ் வீதம் அறவிடப்பட்டது. வரி அலுவலர் வந்து அளக்கும் வரையில் விற்க முடியாதாகையால், கடைக்காரர் பெருமளவில் ஒரேயடியாகக் காய்ச்சிப் பீப்பாவில் ஊற்றி வைத்து, கேட்கும்போது மீண்டும் சூடாக்கிக் கொடுத்தனர். வரிவிதிப்பு முறை 1689இல் மாற்றப்படும் வரை இந்நிலை நீடித்தது. இவ்வாறு ஆறிச் சூடேறிய கரிய நீரை நாடி ஒரு நகரமே நாள்தோறும் திரண்டது என்றால், அது நாவின் பொருட்டன்று என்பது வெளிப்படை.

கட்டணம் ஒரு பெனி. அப்பெனி கோப்பைக்கா அல்லது நுழைவுக்கா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உட்கார்ந்தவனுக்கு அவ்வேறுபாடு பெரிதாகப் புலப்பட்டிராது. ஒரு பெனி கொடுத்தவனுக்கு நீண்ட மேசையிலே ஓரிடமும், குளிர்காயக் கணப்பும், மாலையில் மெழுகுவர்த்தி ஒளியும், மேசைமீது கிடக்கும் செய்தித்தாளும், அயலில் இருப்பவனின் பேச்சும் சேர்ந்தே கிடைத்தன. அக்காலத்தில் இலண்டன் கட்டடக் கூலியாளின் நாட்கூலி ஏறத்தாழ 20 பென்ஸ். ஆகவே அவனுக்குப் பெனி சிறுதொகையன்று. நாள் முழுதும் உழைப்பவனுக்கு உட்கார நேரமும் இல்லை. கடைக்காரனுக்கும், எழுதுவினைஞனுக்கும், வேலை தேடுவோனுக்கும், பிரபுவுக்கும் அதுவே மிக மலிவான வாடகை.

இனி, அவ்வாறு அமர்ந்தோர் கைக்கொள்ளவேண்டிய முறைமைகளை நோக்குவோம். 1674இல் கோப்பியின் சிறப்பைப் புகழும் ஒற்றைத்தாள் வெளியீடொன்றிலே கோப்பிக்கடை விதிகள் செய்யுளாக அச்சிடப்பட்டன. பிரபுவாயினும் தொழிலாளியாயினும் எவரும் வரலாம். ஒருவருக்கொருவர் அவமதிப்பின்றி ஒன்றாக அமரலாம். இடத்தின் உயர்வு தாழ்வு பாராது, வெறுமையாயுள்ள அடுத்த ஆசனத்தில் அமர்தல் வேண்டும். தன்னிலும் மேலோன் வந்தான் என்பதற்காக எவரும் எழுந்து ஆசனத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சாபமிட்டுப் பேசுபவன் 12 பென்ஸ் தண்டம் செலுத்துவான். சண்டையைத் தொடங்கியவன் அங்கிருப்போர் அனைவருக்கும் ஒவ்வொரு கோப்பை வாங்கிக் கொடுத்துக் கழுவாய் தேடுவான். காதல் தோல்வியுற்றோர் மூலையிற் குந்தி அழுதல் கூடாது. எல்லோரும் கலகலப்பாகப் பேசுதல் வேண்டும், ஆனால் அளவு மீறுதல் ஆகாது. பந்தயம் 5 சிலிங்குக்கு மேற்படலாகாது. இறுதியாக, உரிய வேளையிலே எழுந்து போதற்கு முயல வேண்டும். கேட்டதற்குக் காசு கொடுத்தவன் நாள்தோறும் வரலாம்.

இவ்விதிகளை அக்காலக் கடைகளில் உண்மையாகவே நடைமுறையிலிருந்த சட்டமாகக் கொள்வதற்கில்லை. செய்யுளின் தொனி நகைச்சுவை சார்ந்தது. விளம்பரமும் எள்ளலும் அதிலே கலந்துள்ளன. ஆயினும் நகைச்சுவைகூட அறிந்த வழக்கத்தின் மீதே எழவேண்டும். இவ்விதிகளில் இரண்டு எமக்கு முக்கியமானவை. முதலாவது, எழுந்து இடங்கொடுக்க வேண்டியதில்லை என்ற விதி. உடையையும் தொப்பியையும் கண்டே யார் எங்கே நிற்பது, யார் எப்போது அமர்வது எனத் தீர்மானித்த ஒரு சமூகத்தில் இது சிறிய சொல்லன்று. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர இடமின்றி, வெளியே நின்று வேறு பாத்திரத்திலே தேநீர் பெற்ற காலத்தையும், சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் 1950களில் நடத்திய தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டத்தையும், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் 1960களின் பிற்பகுதியில் அப்போராட்டம் மீண்டும் எழவேண்டியிருந்ததையும் அறிந்தோர், ஆசனம் என்பது எவ்வளவு பாரமான சொல் என்பதை உணர்வர். இரண்டாவது, உரிய வேளை என்ற விதி. அது எவ்வேளை என்று செய்யுள் கூறவில்லை. மணி குறிப்பிடப்படாத அவ்விடத்திலேதான் பின்வந்த பூசல்கள் யாவும் பிறந்தன.

முதலிற் பூசலிட்டவர் அரசர். 1675 டிசெம்பர் 29ஆந் திகதி இரண்டாம் சாள்ஸ் மன்னர் விடுத்த பிரகடனம், 1676 சனவரி 10ஆந் திகதி தொடக்கம் கோப்பிக்கடைகள் அனைத்தும் மூடப்படவேண்டும் எனப் பணித்தது. அரசைப் பற்றிய பொய்யும் அவதூறும் அங்கே பிறந்து பரவுகின்றன என்ற காரணத்தையே வரலாற்று நூல்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் அதே பிரகடனத்தில் இன்னொரு காரணமும் கூறப்பட்டுள்ளது. வணிகர் முதலியோர் தம் தொழிலிலே செலவிடவேண்டிய பொழுதை அங்கே வீணே கழிக்கின்றனர் என்பதே அது. வீணே இருத்தல் அரச குற்றமாகக் கூறப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டிலே பெண்களின் பெயரால் வெளிவந்த விண்ணப்பம் என்னும் எள்ளற் பிரசுரமும் ஆடவர் கோப்பிக்கடையே கதியெனக் கிடப்பதைச் சாடியிருந்தது. அதனைப் பெண்களே எழுதினர் என்பது ஐயத்துக்குரியது.

பிரகடனம் நடைமுறைக்கு வரவில்லை. கடைக்காரர் முறையிட்டனர், கோப்பியால் வரும் வரியையும் அரசு இழக்க விரும்பவில்லை, அனுமதிப்பத்திரங்களை இடையில் இரத்துச் செய்வதற்குச் சட்டம் இடந்தருமா என்ற வினாவும் எழுந்தது. சனவரி 8ஆந் திகதி, அதாவது மூடவேண்டிய நாளுக்கு இரு நாள் முன்னர், கட்டளை தளர்த்தப்பட்டது. கடைக்காரர் பிணை நின்று, அவதூறு பரவாது காப்பதாக வாக்களித்துக் கடையை நடத்தலாம் என்றாயிற்று. இதன் பொருள் யாதெனின், வாடிக்கையாளனின் பேச்சுக்கும் இருப்புக்கும் பொறுப்பாளி இனிமேற் கடைக்காரரே என்பதாகும். மன்னர் தோற்றார் என்று எழுதுவது எளிது. தாம் சுமக்க இயலாத பாரத்தைக் கடைக்காரரின் தோளுக்கு மாற்றினார் என்று எழுதுவதே பொருத்தம்.

ஆரம்பத்தில் அமர்ந்தோரின் முறைமை எவ்வளவு நுணுக்கமாய் வளர்ந்தது என்பதற்குச் சில சான்றுகள் உள. ஜேம்ஸ் ஹரிங்ரனின் அரசியற் கழகம் 1659ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மைல்ஸ் என்பவரின் கடையிலே கூடியபோது, நீள்வட்ட மேசையொன்று செய்யப்பட்டு, நடுவே கடைக்காரர் சென்று கோப்பி பரிமாற வழி விடப்பட்டிருந்தது. இருப்போர் எழாமலும் பேச்சுத் தடைப்படாமலும் கோப்பி வந்து சேர்வதற்கு இதனிலும் சிறந்த ஏற்பாடு வேறில்லை. வில்ஸ் கடையிலே கவிஞர் ஜோன் டிறைடனுக்கு மாரியிற் கணப்பருகிலும் கோடையில் மாடத்திலும் தனி ஆசனம் இருந்தது. எழுந்து இடங்கொடுக்க வேண்டாம் என்ற விதி நாளடைவில் ஓர் ஆசனத்தை ஒருவருக்கே உரித்தாக்கும் வழக்கமாகத் திரிந்தமை இங்கே புலனாகின்றது. வாடிக்கையாளன் என்ற தகுதி அவ்வாறுதான் பிறக்கின்றது.

1709 ஏப்பிரல் 12இல் றிச்சட் ஸ்டீல் தொடங்கிய டற்லர் என்னும் இதழ் தன் செய்திகளைக் கடைகளின் பெயரால் வகுத்தது. கவிதை வில்ஸ் கடையிலிருந்தும், புலமை கிறீசியன் கடையிலிருந்தும், நாட்டுச் செய்தி சென் ஜேம்ஸ் கடையிலிருந்தும் வரும் என்றது. முதல் இதழிலேயே ஸ்டீல் ஒரு கணக்கையும் முன்வைத்தார். செய்தி திரட்டுவோன் ஒருவனை வில்ஸ் கடையில் இருத்துவதற்கு நாளொன்றுக்கு 2 பென்சும், வைற்ஸ் கடையில் இருத்துவதற்கு 6 பென்சும் செலவாகும் என்பது அக்கணக்கு. வேடிக்கையாகச் சொன்னதெனினும், இருத்தலுக்கு விலையுண்டு என்பதையும் அவ்விலை கடைக்குக் கடை வேறுபட்டது என்பதையும் இதனிலும் தெளிவாக எவரும் கூறவில்லை.

1711இல் அவரும் ஜோசப் அடிசனும் நடத்திய ஸ்பெக்டேற்றர் இதழின் 49ஆம் இலக்கம் ஒரு கடையின் நாளைப் படம்பிடித்துக் காட்டுகின்றது. காலை 6 மணிக்குத் துணிவகை விற்கும் அயற்கடைக்காரரொருவர் பத்திரிகை ஏந்திய நண்பர் சூழ உலக அரசியலை ஆராய்வார். 8 மணிக்குக் கால்மணி முன்னர்ச் சட்ட மாணவர் வந்து அவர் அவையைக் கலைப்பர். அதன்பின் வேறொரு கூட்டம். உரிய வேளை என்பது எழுதா ஒப்பந்தமாக இவ்வாறு வகுக்கப்பட்டிருந்தது. எவரும் எவரையும் எழுப்பவில்லை. வேலைக்குச் செல்லவேண்டியவன் எழுந்தான், வேலையில்லாதவன் வந்தமர்ந்தான். கடைக்காரருக்கும் ஆசனம் வெறுமையாய்க் கிடக்கவில்லை. நெடுநேரம் இருத்தல் எவருக்கும் பாரமாகாதிருந்த பொற்காலம் ஒன்று உண்டெனின், அது இத்தகைய காலைப்பொழுதுகளிலேதான் இருந்தது.

ஆனால் அதே இதழிலேயே மறுபக்கமும் பதிவாகியுள்ளது. 87ஆம் இலக்கத்தில் வந்த கடிதமொன்று, பணம் பெறும் மேடையில் அமர்ந்திருக்கும் பெண்களை விக்கிரகங்கள் என எள்ளி, அவர்களை நோக்கிக் கொண்டே இளைஞர் தம் தொழிலையும் படிப்பையும் மறந்து கிடக்கின்றனர் எனக் குறைகூறிற்று. சில மாதங்களின் பின் 155ஆம் இலக்கத்தில், அவ்விக்கிரகங்களில் ஒருத்தியின் மறுமொழியாக ஒரு கடிதம் வெளிவந்தது. மேடையிலே சாய்ந்து நின்று முகத்தை உற்றுப்பார்ப்போரும், அவள் எவ்வாறு தாங்குகின்றாள் என்பதைக் காண்பதற்காகவே இழிந்த பேச்சுப் பேசுவோரும் தரும் துன்பத்தை அது எடுத்துரைத்தது. பிழைப்பு அவர்களிடமிருந்தே வருவதால் அவளால் விலகிச் செல்லவும் முடியாது. கடிதம் ஸ்டீலின் கற்பனையாக இருக்கலாம். எனினும் கோப்பிக்கடை உரையாடலைப் புகழும் நூல்கள் இக்கடிதத்தை விரைந்து கடந்துவிடுவது நியாயமன்று என்பேன். அக்கடைகளில் பெண் வாடிக்கையாளர் மிக அரிது. பெண்களோ கைம்பெண்ணாகிய உடைமையாளராகவும் பணியாளராகவும் பலர் இருந்தனர். நெடுநேரம் இருந்த ஆடவன் விரும்பும்போது எழுந்து செல்லலாம். நெடுநேரம் அங்கே இருந்தும் எழ இயலாதவள் அவளொருத்தியே.

கடைக்காரரின் முறைப்பாடு 1728ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. இலண்டன், வெஸ்ற்மின்ஸ்ரர் கோப்பிக்கடைக்காரர் தம் நிலையை விளக்கித் துண்டுப்பிரசுரமொன்றை வெளியிட்டனர். செய்தித்தாள்களின் தொகை பெருகிவிட்டது. ஒரு தாளை வாங்காதுவிட்டால் அதனை வாசிப்போர் அடுத்த கடைக்குச் செல்வர். எல்லாவற்றையும் வாங்கினால் ஊதியம் எஞ்சாது. ஒரு கோப்பையுடன் அமர்ந்து அனைத்துத் தாள்களையும் வாசித்துவிட்டு எழுபவனின் செலவு தம் தலையிலே விழுகின்றது என்பது அவர்கள் மனக்குறை. பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒரு செய்தித்தாள் நடத்தலாம் என்றும், வாடிக்கையாளர் கடையில் எழுதிவைக்கும் செய்திகளையே அதில் அச்சிடலாம் என்றும் அவர்கள் திட்டமிட்டனர். பத்திரிகை உடைமையாளர் மறுப்புப் பிரசுரம் எழுதினர், ஊரார் நகைத்தனர், திட்டம் கைகூடவில்லை. நகைப்புக்குரியதாயினும் அத்திட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. கடையிலிருந்து பேசியவனின் பேச்சையே பத்திரிகையாளர் பொறுக்கிச் சென்று அச்சிட்டு, அதனை அதே கடைக்கு விற்றனர் அல்லவா?

கணப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் செய்தித்தாளுக்கும் செலவு ஏற, பெனி ஏறாதிருந்தால், ஏதேனும் ஒன்று முறிந்தாக வேண்டும். அது முறிந்த விதத்தை ஜொனதன் கடையின் வழக்கிலே காணலாம். இலண்டன் எக்ஸ்சேஞ்ச் சந்திலிருந்த அக்கடையிலே பங்குத் தரகர் பல்லாண்டுகளாகக் கூடி வணிகஞ் செய்தனர். ஜோன் கஸ்ரேங் என்பவர் 1698இல் பங்கு விலைப்பட்டியலை வெளியிடத் தொடங்கியது அங்கிருந்தே. கோப்பிக்குக் காசு கொடுத்த எவனும் உள்ளே வரலாம், பேரம் பேசலாம் என்பதால் ஏமாற்றுவோரும் கடன்தீர்க்காதோரும் உடன் வந்தனர். 1761இல் 150 தரகர் ஒன்றுகூடி, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 8 பவுண் தருவதாகவும், நாள்தோறும் சில மணிநேரம் கடை தமக்கே உரியதாக இருக்கவேண்டும் எனவும் உடைமையாளருடன் உடன்பாடு செய்தனர். கழகத்தில் சேராத தரகரொருவர் வெளியேற்றப்பட்டபோது அவர் வழக்குத் தொடர்ந்தார். ஜொனதன் கடை நெடுங்காலமாகவே எவருக்கும் திறந்த சந்தையாக இருந்து வந்தது என்று 1762இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று.

கோப்பி வாங்கியவனுக்கு ஆசனத்தில் உரிமையுண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று இதனை நாம் வாசிக்கலாம். ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. தரகர் வேறு கட்டடம் அமைத்தனர். 1773இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் முதலிற் புதிய ஜொனதன் எனவும், பின்னர்ப் பங்குச் சந்தை எனவும் பெயர் பெற்றது. நாளொன்றுக்கு 6 பென்ஸ் நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. எட்வேட் லோயிட்டின் கடையில் வளர்ந்த கப்பற் காப்புறுதியாளரும் இவ்வழியே சென்றனர். 1771இல் 79 பேர் தலைக்கு 100 பவுண் செலுத்தித் தனியிடம் தேட முற்பட்டு, 1774இல் றோயல் எக்ஸ்சேஞ்சில் குடியேறினர். லோயிட் நிறுவனத்தின் பணியாளர் சிலர் இன்றும் வெயிற்றர் என்ற பழைய பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். கோப்பியின் எச்சமாக அங்கே நிலைத்தது அப்பெயர் மாத்திரமே. வைற்ஸ் கடை பிரபுக்களின் சூதாட்டக் கழகமாயிற்று. சந்தா செலுத்தியவன் எவ்வளவு நேரமும் இருக்கலாம். அவனை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. பெனியுடன் வரும் அந்நியனுக்கு வாயில் அடைக்கப்பட்டது. மன்னரின் பிரகடனம் பதினொரு நாளில் செய்ய இயலாததைச் சந்தாப் புத்தகம் ஒரு தலைமுறையிலே செய்து முடித்தது.

இலண்டன் கைவிட்ட வழக்கத்தை வியன்னா பேணிக்கொண்டது என்பர். ஒரு கோப்பியுடன் ஒரு குவளை நீரும் தட்டில் வரும். மரச்சட்டத்திற் கோத்த செய்தித்தாள்கள் கிடைக்கும். கேட்கும்வரை கணக்குச்சீட்டு வராது. எழுத்தாளர் பீற்றர் அல்ரன்பேர்க் தமது கடித முகவரியாகவே சென்றல் கோப்பிக்கடையைக் கொடுத்திருந்தார். 2011இல் ஒஸ்திரியா இவ்வழக்கத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலே சேர்த்தது. பட்டியலிற் சேர்த்துக் காக்கவேண்டிய நிலை வந்ததே ஒரு செய்திதான்.

இலண்டனிலும் கதை முற்றாக முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோப்பி மீதான வரி குறைக்கப்பட்டதும் தொழிலாளருக்கான மலிவுக் கோப்பிக்கடைகள் தோன்றின. 1840இல் இறக்குமதி வரி பற்றி விசாரித்த பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்த கடைக்காரரொருவர், தம் கடைக்கு நாளாந்தப் பத்திரிகைகளின் 43 பிரதிகளை வாங்குவதாகக் கூறினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இத்தகைய கடைகள் பத்துப் பன்னிரண்டிலிருந்து 1600க்கு மேற் பெருகியிருந்தன. 17ஆம் நூற்றாண்டிலே ஆசனத்துக்குப் பெனியும் பொழுதும் இல்லாதிருந்த கூலியாளின் பேரர்கள் வேலைக்குச் செல்லுமுன் அங்கமர்ந்து பத்திரிகை வாசித்தனர். முன்னைய கடைக்காரரை வருத்திய செலவு இப்போது எவ்வாறு தாங்கத்தக்கதாயிற்று? வாடிக்கையாளரின் பெருந்தொகை ஒரு காரணம். கோப்பி மலிந்தமை மற்றொன்று.

அக்கோப்பி மலிந்த வரலாறு எம்மை வீட்டுக்கு அழைத்து வருகின்றது. 18ஆம் நூற்றாண்டிலே இலண்டன் கோப்பை மேற்கிந்திய அடிமைகளின் உழைப்பில் நிரம்பியது. ஓடிப்போன அடிமையைப் பிடிப்போர் இன்ன கோப்பிக்கடையிலே ஒப்படைத்து வெகுமதி பெறலாம் என்ற விளம்பரங்கள் இலண்டன் பத்திரிகைகளில் வெளிவந்தன. நெடுநேரம் அமர்ந்திருந்தோர் வாசித்த தாள்களில் இவையும் அடங்கும். அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி, 1838இல் அங்குள்ளோர் முழு விடுதலை பெற்றபின் மேற்கிந்திய உற்பத்தி தளர்ந்தது. 1835இல் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் வரி சமப்படுத்தப்பட்டது. அதன் பயனை அனுபவித்தது இலங்கை. 1820களில் தேசாதிபதி பார்ன்ஸ் கன்னொறுவையிலும், ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கருகே சிங்கபிட்டியிலும் தொடங்கிய பயிர், 1840களில் மலைநாடெங்கும் பரவியது. 1870களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று.

அதனைப் பறித்தோர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே வந்தோர். பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். தோட்டத்திலே அவர்களின் பொழுது பிரட்டுக்களத்தில் தொடங்கியது. வேலை குறைந்ததெனக் கணக்கப்பிள்ளை கருதினால் அன்றைய பெயர் அரைப்பேராகப் பதிவாகும். அரைநாட் கூலி போய்விடும். இலண்டனில் ஒருவன் ஒரு பெனிக்கு அரைநாள் அமர்ந்திருந்தான். அவன் கோப்பைக்குக் கொட்டை பறித்தவன் சற்றே அமர்ந்தால் அரைநாளை இழந்தான். இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். கோப்பிக்கடையின் வரலாறு எழுதுவோர் இடப்பக்கத்தை மாத்திரம் வாசித்துவிட்டு ஏட்டை மூடுதல் தகாது.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பேர்க்கிலி என்னும் அறிஞர், அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களாயின. பருவத்துக்கு வந்து திரும்பிய தொழிலாளர், ஆண்டு முழுதும் கொழுந்து தரும் தேயிலையின் பொருட்டு லயங்களிலே நிலையாகத் தங்கினர். இலண்டனிலும் பானம் மாறியது. 1864இல் பாண் உற்பத்தி நிறுவனமொன்று தன் கடையிலே தேநீர் பரிமாறத் தொடங்கியது. 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்கடிலியில் தன் முதல் தேநீர்க்கடையைத் திறந்தது. ஆண்துணையின்றி வந்த பெண்ணொருத்தி, எவரும் உற்றுப்பார்க்காது, ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்து, விரும்பிய அளவு நேரம் அமர்ந்திருக்கலாம் என்ற நிலை இலண்டனில் அக்கடைகளிலேதான் வழக்கமாயிற்று. அங்கே அவள் அருந்திய தேநீரின் ஒரு பகுதி கண்டிச்சீமையிலிருந்து சென்றது. அதன் கொழுந்தைப் பறித்தோரும் பெரும்பாலும் பெண்களே.